பேராசிரியரின் சொந்தப் பல்

பல் செட் செய்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. செய்த பொருள் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கக் கொடுத்து வைக்காது. தையல்காரர் தான் தைத்த சட்டை தெருவில் நடந்து போவதைப் பார்க்கலாம். தச்சர் தான் செய்த நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். பல் செட்காரர் என்ன செய்வார்? எதிரே வருகிறவரை நிறுத்தி, கொஞ்சம் வாயைத் திறங்க என்று கேட்க முடியுமா? கேட்டால் மறுநாள் அவருக்கே ஒரு செட் தேவைப்படும்.

நம் பல் செட்காரருக்கு வயது ஐம்பத்து நான்கு. ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். முன்பக்கம் குளிரூட்டிய அறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுப்பார். அந்த அச்சும் ஒரு சீட்டும் பின்பக்கம் வரும். சீட்டில் பெயர் இருக்காது. எண், வயது, ஆணா பெண்ணா, பல் என்ன நிறம், அவ்வளவுதான். இவர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, உரசி, மெருகேற்றி, டப்பாவில் போட்டு மூடி முன்பக்கம் அனுப்புவார். அதோடு சரி. அது எந்த வாய்க்குப் போனது, அந்த வாய் என்ன பேசியது, எதற்குச் சிரித்தது, ஒன்றும் தெரியாது. திரும்பி வந்தால் உடைந்து வரும். நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாரும் மாடிப்படிக்கு அடியில் வந்ததில்லை.

உரசும் மெஷின் சத்தத்தில் நாளெல்லாம் இருந்து இருந்து மனிதர் பேச்சையே குறைத்துக்கொண்டார். வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன மகளுக்கு இதுதான் கவலை. "அப்பா, அம்மாகிட்டயும் பேச மாட்டீங்க, என்கிட்டயும் ம்ம்முனு சொல்லிட்டு வெச்சிடறீங்க. யார்கிட்டயாவது பேசுங்கப்பா" என்று சொல்லிச் சலித்துப்போய், ஒரு நாள் அவரைக் கேட்காமலே இணையத்தில் இயங்கும் ஒரு திரைப்பட வட்டத்தில் சேர்த்துவிட்டாள். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடுவார்கள். எல்லோரும் ஒரே படத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, அதை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போடுவார்கள். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் மகள் 'பல் துறை' என்று நிரப்பியிருந்தாள். வட்டத்தின் செயலாளர், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாள், அன்றிலிருந்து இவரை டாக்டர் என்று கூப்பிடத் தொடங்கினார். இவர் இரண்டு முறை திருத்தினார். முதல் முறை மைக் அணைந்திருந்தது. இரண்டாம் முறை இணைப்பு போய்விட்டது. மூன்றாம் முறை திருத்துவதற்குள் டாக்டராகி நான்கு வாரம் ஆகியிருந்தது. இனிமேல் சொன்னால் இத்தனை நாள் ஏமாற்றியது போல ஆகிவிடுமே என்று விட்டுவிட்டார்.

மகளின் நச்சரிப்புக்காக ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு நழுவிவிடலாம் என்றுதான் முதல் நாள் உட்கார்ந்தார். திரையில் பதினான்கு கட்டங்கள், பதினான்கு முகங்கள். நடுவில் இருந்த கட்டத்தில் வட்டத்தின் தலைவர் வணக்கம் சொல்லிச் சிரித்தார். ஓய்வு பெற்ற பேராசிரியர், வயது எழுபது. பல் செட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அது அவர் செய்த பல்.

சந்தேகமே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் வந்த செட். சீட்டோடு ஒரு பழைய புகைப்படம் வந்தது, முகத்தையெல்லாம் வெட்டிவிட்டு வாயை மட்டும் விட்டு வைத்த புகைப்படம். முன்பல் இரண்டுக்கும் நடுவே இதே இடைவெளி வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். இடைவெளியோடு நிறுத்தாமல் இவர் தன் பங்குக்கு ஒரு பக்கத்துப் பல்லை நூலளவு திருப்பி வைத்து, கீழ்வரிசையில் ஒன்றுக்கு லேசாகத் தேநீர்க் கறையும் ஏற்றியிருந்தார். ஒன்பது நாள் வேலை. அது இப்போது திரையில் உட்கார்ந்து கலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"இங்க வாயேன், சீக்கிரம் வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சனிக்கிழமை மாலைதான் வாரம் முழுவதற்குமான துணிகளுக்கு இஸ்திரி போடும் நேரம். பெட்டியைக் கையில் பிடித்தபடியே எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க இவரு?"

"தெரியாது. ஆனா பல்லு என்னோடது."

அன்றிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் அவர் தவறியதில்லை. படம் அவருக்குப் பாதி புரியும், பாதி புரியாது. அதைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவும் இல்லை. அவர் பார்த்ததெல்லாம் பேராசிரியரின் வாயைத்தான். அந்தப் பல் வாதாடியது, கேலி செய்தது, பிஸ்கட் கடித்தது. 'ஸ' வரும்போது விசில் அடிக்கவில்லை. ஒருமுறை பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தபோது செட் கழன்றுவிடுமோ என்று இவர் இங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கழலவில்லை. அன்று முழுக்க அவருக்குத் தலை கால் புரியவில்லை.

வட்டத்துக்கு விதிகள் உண்டு. விதி எண் நான்கு: ஆறு மாதமாக ஒரு கருத்தும் சொல்லாத உறுப்பினர் நீக்கப்படுவார். உலகத்தில் பேசாமல் இருப்பதற்குத் தண்டனை தருகிற இடங்கள் குறைவு, அதில் இதுவும் ஒன்று. செயலாளர் அம்மாள் யார் யார் பேசினார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். இவர் பெயருக்கு நேரே ஐந்தரை மாதமாக வெறும் கோடுகள். ஒரு புதன்கிழமை செய்தி வந்தது: 'டாக்டர் சார், வரும் சனிக்கிழமை அவசியம் பேசுங்கள். இல்லையென்றால் விதி நான்கு. தவறாக நினைக்க வேண்டாம்.'

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீக்கிவிட்டால் அந்தப் பல்லை இனி எங்கே போய்ப் பார்ப்பது?

போதாத காலம், அப்போது விவாதத்துக்கு எடுத்திருந்தது யாருக்கும் பிடிபடாத படம். மூன்று வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு குமாஸ்தா, தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்குத் தன் குடையைத் தேடிப் போகிறான். குடை இல்லை. அலமாரியில் அவனே உட்கார்ந்திருக்கிறான், காதில் ஒரு எண் அட்டை தொங்க. உங்களுடையதுதானே, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள் என்கிறார்கள். எடுத்துப் போகிறான். வீட்டில் மனைவிக்கு இரண்டாமவனைப் பிடித்துப்போகிறது. அலுவலகத்தில் இரண்டாமவனுக்குப் பதவி உயர்வு. நாய் மட்டும் இருவரையும் பார்த்துக் குரைக்கிறது. கடைசிக் காட்சியில் இருவரில் ஒருவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். அதோடு படம் முடிந்துவிடுகிறது.

சிரித்தவன் யார்? முதலாமவனா, இரண்டாமவனா? இதற்குத்தான் பதின்மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கட்டடப் பொறியாளர் முதலாமவன் என்றார். மருந்துக்கடைக்காரப் பெண் இரண்டாமவன் என்றாள். பேராசிரியர், யார் என்ற கேள்வியே தவறு என்றார். அப்படிச் சொன்னால் எந்த வாதத்திலும் தோற்க முடியாது. அந்த வித்தை அவருக்கு நாற்பது வருடப் பழக்கம்.

பல் செட்காரர் வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, கைபேசியில் அந்தச் சிரிப்பை நிறுத்திப் பெரிதாக்கினார். தொழில்காரக் கண் அது, பல்லைத் தவிர வேறெங்கும் போகாது. பார்த்தார். படத்தின் முதலிலிருந்து சிரிப்பு வந்த இடங்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். முதலாமவனும் இரண்டாமவனும் ஒரே நடிகர், சந்தேகமில்லை. கோரைப்பல் இரண்டும் தேய்ந்து மழுங்கியிருந்தன, தூக்கத்தில் பல்லை நறநறக்கிற ஆள். கடைசியில் சிரிக்கிறவனுக்குக் கோரைப்பல் கூர்மையாக, கொஞ்சம் முன்னால் துருத்திக்கொண்டு இருந்தது. தேய்ந்த பல் திரும்ப வளராது. ஆக, அவன் இவனும் இல்லை, அவனும் இல்லை. மூன்றாவதாக ஒரு ஆள். வேறு யாரையோ உட்கார வைத்துப் படத்தை முடித்திருக்கிறார்கள்.

சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகத் தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று ஒன்றை நாலு பேர் முன்னால் சொல்லப் போகிறோம் என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு துள்ளலே வந்தது. அச்சோடு வந்த சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டார். சனிக்கிழமை முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையைச் சூடு ஆறுவதற்குள் வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நம்ம டாக்டர் இன்னைக்குப் பேசறார்" என்று செயலாளர் அறிவித்தார். எழுதி வைத்த சீட்டை எடுத்து எதிரே வைத்துக்கொண்டார். எப்படியோ ஆரம்பித்துவிட்டார்.

"கடைசியில சிரிக்கிறது ரெண்டு பேரும் இல்லீங்க. அது மூணாவது ஆள்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரமாதம்" என்றார். "மூன்றாவது மனிதன்! நானும் இல்லை, என் நிழலும் இல்லை. இரண்டுக்கும் வெளியே நின்று சிரிக்கிற சாட்சி. டாக்டர், ஆறு மாசம் இதைத்தான் மனசுக்குள்ள அடைகாத்துட்டு இருந்தீங்களா?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அடுத்த தலைவரே அவர்தான். ஆனால் உண்மை பேசப் பழகியவர்களுக்கு எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிவதில்லை.

"இல்லீங்க சார். சாட்சி எல்லாம் இல்ல. நிஜமாவே வேற ஆளு. அந்த நடிகர் அன்னைக்கு வரல போலிருக்கு. பல்லைப் பாருங்க, தெரியும்."

பதின்மூன்று கட்டங்களில் பதின்மூன்று முகங்கள் வாடின. மூன்று வாரத் தத்துவத்தை மனிதர் கோரைப்பல்லில் மாட்டிவிட்டார். பேராசிரியருக்குச் சுருக்கென்றது.

"பல்லா? ஒரு மனுஷன் யாருங்கறதைப் பல்லை வெச்சுச் சொல்லிடலாம்னு சொல்றீங்களா?"

"சொல்லலாம் சார்."

"சரி, டாக்டர்." பேராசிரியர் காமிராவுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார். கட்டம் முழுக்க வாய். "எனக்கு எழுபது வயசு. இதுல ஒண்ணுகூட விழல. எல்லாமே என் சொந்தப் பல்லு. நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இந்தப் பல்லு என்னைப் பத்தி என்ன சொல்லுது? சொல்லிட்டீங்கன்னா நீங்க சொன்ன மூணாவது ஆளை நானும் ஒத்துக்கறேன்."

ஈயென்று காட்டினார்.

அறைக்குள் இஸ்திரிப் பெட்டி நின்றது.

பல் செட்காரர் பார்த்தார். நூலளவு திருப்பிய பல், கறை ஏற்றிய பல், ஒன்பது நாள். ஒரு வாக்கியம் போதும். கூட்டமே கப்சிப்பென்று ஆகிவிடும். தான் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், படத்தில் சிரித்தவன் யாரில்லை என்பதும் தெரிந்துவிடும். அதற்கப்புறம் அந்த எழுபது வயது மனிதர் பதின்மூன்று பேர் முன்னால் எந்த வாயை வைத்துக்கொண்டு பேசுவார்? வாய் திறந்து சிரிப்பாரா? அவர் வாயைப் பொத்திக்கொண்டால் இவருக்குப் பார்க்க என்ன மிச்சம்?

"சொல்ல முடியலைங்க சார்" என்றார். "உங்க சொந்தப் பல்லுதான். நான் சொன்னது தப்பு."

"பாத்தீங்களா!" என்று பேராசிரியர் பெருந்தன்மையோடு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளர் முதலாமவனிடமும், மருந்துக்கடைப் பெண் இரண்டாமவனிடமும் நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். செயலாளர் அம்மாள் ஒரு சந்தேகம் எழுப்பினார்: சொன்ன கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் அது கருத்து என்று கணக்காகுமா? கொஞ்ச நேரம் விவாதித்து, ஆகும் என்று முடிவு செய்து, ஒரு குறி போட்டார்கள். இன்னும் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை.

கூட்டம் முடிந்து திரை இருண்டது. மனைவிக்கு அதுவரை அடக்கி வைத்த கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, உங்களுக்கு ரோஷமே இல்லையா? ராத்திரி டம்ளர்ல கழட்டிப் போடற மனுஷன், கூசாம சொந்தப் பல்லுங்கறாரு. நீங்களும் ஆமாங்கறீங்க. ஒம்போது நாள் கஷ்டப்பட்டது யாரு, அவரா?"

அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபத்தைத் தேடினாள், காணோம். என்ன ஆயிற்று இவருக்கு என்று அவளுக்குப் பயமாகக் கூட இருந்தது.

"எப்படிச் சொன்னாரு அவரு?" என்று கேட்டார்.

"எதை?"

"இப்ப சொன்னாரே, அதை. அவர் மாதிரியே சொல்லு."

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முறைத்தாள். பிறகு கழுத்தை நீட்டி, பேராசிரியரைப் போலவே முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "ஒண்ணுகூட விழல. எல்லாமே என் சொந்தப் பல்லு" என்றாள்.

பல் செட்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.