அடைப்பு, மந்தம், அதற்கடுத்த சொல்

காது சோதனை செய்கிறவனுக்கு மெஷினை விடச் சொற்கள்தான் அதிகம் தொல்லை தரும். கும்பகோணத்தில் ஒரு காது டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்வதே பிழைப்பு. கெட்ட செய்தியை எந்த வார்த்தையில் சொல்வது என்று தடுமாறி நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

அடைப்பு

எங்கள் பக்கத்தில் யாருக்கும் காது கேட்காமல் போவதில்லை, அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். திருவிடைமருதூர் பக்கத்து விவசாயி கலியபெருமாள் ஐயாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தார். டீசல் இன்ஜின் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். குறும்பி துளியும் இல்லை. "அடைப்பு இல்லீங்க ஐயா, நரம்புதான் தேய்ஞ்சிருக்கு" என்று கத்தினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாய்க்கால்ல கோரை மண்டினா தண்ணி வராதுதான். அதுக்காக ஆறே வத்திப்போச்சும்பீங்களா தம்பி?"

மந்தம்

சில மாதம் கழித்து மருமகள் செல்வியோடு வந்தார். அவர் மகன் சிங்கப்பூரில். செல்வியின் இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, காதில் புதுத் தோடு.

"பேத்திக்குக் கேக்கறது கொஞ்சம் மந்தம். காது குத்தினா திறந்துக்கும்னு குத்தியாச்சு" என்றார் பெரியவர். செல்வி அவரைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"எங்க அண்ணன் மடியில தூங்கிட்டிருந்தா சார். பக்கத்திலேயே தவிலு, நாயனம். அசையல. ஊசி ஏறினப்புறந்தான் முழிச்சா."

செவிடு

இந்தச் சொல்லை எங்கள் கிளினிக்கில் யாரும் உச்சரிப்பதில்லை. குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டிப் பார்த்தோம். எவ்வளவு சத்தம் கொடுத்தும் திரையில் ஓடிய கோடு எழும்பவில்லை. இரண்டு காதும் அப்படியே. உடனே காதுக்கு மெஷின் மாட்ட வேண்டும், பிறகு காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன், தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மந்தந்தானே தம்பி? நெல் அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்."

"கேட்கும் திறன் ரொம்பக் குறைவுங்க ஐயா" என்று உரக்கச் சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. குறைவு என்றால் கொஞ்சமாவது இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். நான் யாருக்கு இரக்கம் காட்டுகிறேன், அவருக்கா, எனக்கா?

"செவிடுன்னு சொல்லுங்க சார்" என்றாள் செல்வி.

பெற்றவள் வாயிலிருந்து அந்தச் சொல். "அப்படிச் சொல்லக் கூடாதும்மா..."

"மந்தம்னா மாமா அறுப்பு வரைக்கும் பொறுத்திருப்பாரு. அப்புறம் கோயில் திருவிழாம்பாரு. நான் சொன்னா வாயைக் கழுவும்பாரு. நீங்க சொல்லுங்க சார்!"

அவருக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். குழந்தை மட்டும் தோட்டைத் திருகிக்கொண்டிருந்தது. பெரியவர் பெஞ்சைத் தடவி உட்கார்ந்தார். மருமகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு எந்த ஊருக்கும்மா போவணும்? இப்பவே பஸ் இருக்கா?"

இதமான சொற்களைப் பொறுக்கி எடுத்துப் பேசுகிறவன் என்று எனக்கு இந்த ஊரில் நல்ல பேர் உண்டு. அந்தப் பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.