பெரிய வெள்ளிக்கிழமை அடித்த மணி

எனக்கு மூன்றாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்து கோணலாக வரும், மறதியும் வந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

உலகச் சண்டைக் காலம். நாற்பத்து மூன்றோ நாலோ. நான் செஞ்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோதே என் மாமனாருக்குப் புத்தி தடுமாறிவிட்டது. முப்பது வருஷம் எங்கள் மாதா கோயிலில் மணி அடித்தவர். பெற்ற பிள்ளையையே யார் என்று கேட்பார். கதவு திறந்திருந்தால் போய்விடுவார். சுற்றிலும் மலை, குளம், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள். ஒருநாள் அவர் காலில் கயிறு கட்டித் தூணோடு பிணைத்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? அவரு இன்னா மாடா?" என்று அவிழ்த்துவிட்டார். அப்புறம் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

நான் மாதாவிடம், "இவரை எடுத்துக்கொள்ளும்" என்று வேண்டினேன். மறைக்கமாட்டேன்.

மூன்று வேளை ஜெப மணி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. மணி கேட்டால் நின்ற இடத்தில் முழங்கால் போடுவார். பிறகு சாந்தமாகச் சாப்பிடுவார். அதைக் கவனித்து, அந்த மணியை வைத்தே அவருடைய நாளை நடத்தியவர் மாமியார்தான்.

ஆண்டவர் சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமை மணி கிடையாது, மரக்கட்டைதான் தட்டுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோரும் கோயிலில் இருந்தார்கள். வீட்டில் மாமனாருக்கு நான் காவல். உச்சி வேளை ஆனதும், "மணி அடிக்கலியே, அடிக்கலியே" என்று தவித்தார். நான் கஞ்சி வடிக்க உள்ளே போய் வந்தேன். ஆள் இல்லை.

கோயிலுக்கு ஓடினேன். அங்கேயும் அவர் வரவில்லை. மாமியார் அழவில்லை. நேரே பங்குச் சாமியாரிடம் போய், "சாமி, மணி அடிக்கணும்" என்றார்.

ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் பதறினார். "இன்னா பெரிம்மா, ஆண்டவரே செத்துக் கெடக்கறாரு, இன்னிக்கா மணி?"

"அவரு மூணாம் நாளு எழுந்து வந்துடுவாரு. எங்க வூட்டுக்காரரு வருவாரா?"

சாமியார் எங்களை மணிக்கயிறு பக்கம் கூட்டிப்போனார். பிறகு, "அடிம்மா. பாவம் என்மேல இருக்கட்டும்" என்றார்.

மாமியாரே கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் மண்ணில் விழுந்து, "எடுத்துக்கொள்ளாதேயும், காத்துக்கொள்ளும்" என்று கதறினேன். கோயிலில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்து, மலையடியில் மாடு கட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் முருகேசன் என்பவர், மாமாவின் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவர் நம் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை.

"கெணத்தப் பாத்து நேரா வந்தாருங்க. எவ்ளோ கத்தியும் நிக்கல. மணி கேட்டுச்சு, அப்படியே முட்டி போட்டுட்டாரு. இன்னும் ரெண்டே அடிதான்!"

மாமியார் மாமாவின் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "மணி அடிச்சாச்சு, கஞ்சி குடிக்கலாம் வா" என்றார். அவ்வளவுதான். அந்த மனுஷியைப் போல ஒருத்தரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

அதன்பிறகு மாமாவைக் கட்ட நான் கயிற்றைத் தொடவில்லை. மாமா எங்கள் வீட்டில், மாமியார் மடியில்தான் கண்மூடினார். இப்போது எனக்கும் பெயர்கள் மறக்கின்றன. பயமில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், எடுத்துக்கொள்ளும் என்று கேட்காதீர்கள். காத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். கேட்டவருக்கு மாதா வழி காட்டுவாள்.

வருஷம், பெயர் எல்லாம் சரியா என்று செஞ்சியில் என் நாத்தனார் மகளிடம் யாராவது கேட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் திருத்துங்கள். வெள்ளிக்கிழமை மணி அடித்ததை மட்டும் திருத்த வேண்டாம்.