டயகமவில் சிவப்புத் துணி கட்டிய செடி

டயகம தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் வடியும் கானோரம் நிற்கிறோம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. செடி சேகரிக்கும் ஐயாவுக்கு நான் மூட்டை தூக்குகிறவன். போன மாதம் இங்கே மொட்டோடு ஒரு செடியைக் கண்டு, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது என்று குதித்தார். பூத்ததும் வந்து எடுக்கலாமென்று அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினார். வேறு நிறம் கட்டுங்க என்று நான் பயந்து சொன்னதற்குச் சிரித்தார். இன்று செடியடியில் குங்குமம். பூவையெல்லாம் பறித்துப் பக்கத்துக் கல்லின்மேல் போட்டிருக்கிறார்கள், அழுகிக் கிடக்கிறது. பூ இல்லாமல் செடிக்குப் பெயர் வைக்க முடியாதாம்.

“யாரும்மா பறிச்சது?” என்று களை வெட்டும் பெண்ணிடம் கத்துகிறேன்.

“துணி கட்டியிருந்துச்சு, சாமின்னு படைச்சோம். கங்காணி வெட்டச் சொல்லியும் நாங்கதான் விடல. கும்புடுற எடத்துல கத்தாதீங்க.”

“இந்தக் கந்தலை அவிழ்த்தெறி” என்று ஐயா என்னிடம் சீறுகிறார்.

“அவுத்தா அது வெறும் களைதாங்க. நாளைக்கே வெட்டிருவோம். அடுத்த பூ எங்கேருந்து வரும்?” என்கிறாள் அவள், களைச் சுரண்டியை ஊன்றியபடி.

ஐயாவின் முகத்தைப் பார்க்காமல் குனிகிறேன். வேலை போனாலும் போகட்டும் என்று, தளர்ந்திருந்த துணியில் இன்னொரு முடிச்சுப் போடுகிறேன்.