இரண்டு படிப்பும் ஒரு பின்வாசல் பதிவேடும்

2021 ஜூன் 7: குற்றவியல் நீதிப் படிப்பு, ஓராண்டுக் கட்டணம் – 18,000
2021 ஜூன் 9: கல்லூரி முத்திரை போட்ட தோள்பை – 650
2021 ஆகஸ்ட் 2: பூதக்கண்ணாடி – 240
2022 ஜூன் 20: டிஜிட்டல் மல்டிமீடியா படிப்பு, ஆறு மாதம் – 26,000
அதே நாள்: பழைய மாணவருக்குச் சலுகை, கழிவு – 500
2022 நவம்பர் 28: பரிசுச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் – 300

மொத்தம் 44,690. என் மனைவியின் தம்பி அறிவாளி ஆவதற்கு ஆன செலவு இது. ஆனானா இல்லையா என்பதைப் படிப்பவர்களே தீர்மானிக்கட்டும்.

அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். அறுபத்திரண்டு கடைகள் உள்ள வணிக வளாகத்தில் காவலாளி. பகல் மூன்று மணி வரை பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பில் இல்லாமல் வெளியே போகும் சரக்கைப் பதிவேட்டில் எழுதி, கொண்டுபோகிறவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்றிலிருந்து ஆறு வரை கேமரா அறை. தெருவில் அவனுக்கு சி.ஐ.டி. என்று பெயர். கேலிக்கு வைத்ததை அவன் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

கல்லூரி என்பது டயர் கடைக்கு மேல் ஓர் அறை. பலகை ஒன்றுதான், ஒரு பக்கம் குற்றவியல் நீதி, மறுபக்கம் டிஜிட்டல் மல்டிமீடியா. நாளுக்கு ஏற்றபடி திருப்பி மாட்டுவார்கள். வாத்தியாரும் ஒருவரே. குற்றத்துக்குக் கறுப்புக் கோட்டு, மல்டிமீடியாவுக்குக் கழுத்தில் ஹெட்போன். அதற்கு முன் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர். தரையில் சாக்குக்கட்டியால் ஒரு பிணத்தின் உருவம் வரைந்திருந்ததை நானே பார்த்தேன். திங்கட்கிழமை அது கொலையுண்டவன். செவ்வாய்க்கிழமை அதற்கே கண்ணும் மூக்கும் வைத்து அனிமேஷன் பழகுவார்கள்.

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் நீதிமன்ற ஆவண அறையில் வேலை பார்த்தவன். சாட்சிப் பொருளை எப்படிக் கட்டுவது, அரக்கு முத்திரையை எங்கே வைப்பது என்றெல்லாம் அவன் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. “உங்க காலம் வேற அத்தான், இப்ப எல்லாம் டிஜிட்டல்” என்பான். ஆண்டிறுதித் தேர்வில் சாட்சியப் பாதுகாப்பு என்ற தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வாங்கினான். மூலப் பதிவை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. தொடவே கூடாது என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான். அதைத் தன் அக்காவுக்கு இரண்டு முறை வாசித்தும் காட்டினான்.

2022 அக்டோபர் 11, செவ்வாய். வளாகத்தின் பதினான்காம் எண் கடையில், சிவப்புப் பெட்டியோடு ஒரு புதிய கைபேசி காணாமல் போனது. அன்று மதியம் அந்தக் கடையைத் துடைத்த துப்புரவு அம்மாள்தான் எடுத்தாள் என்றார் முதலாளி. மறுநாள் காலை அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஜெனரேட்டருக்குப் பின்னால் உள்ள ஓர் அறை அந்த வேலையோடு சேர்ந்தது. இரண்டு பிள்ளைகளோடு அவள் அதில்தான் இருந்தாள். டிசம்பர் 31க்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அன்று மாலை இவன் கேமரா பதிவை ஓட்டிப் பார்த்தான். முதலாளியின் மகனே மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். இவன் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னான்.

“அப்புறம் என்னடா? கொண்டுபோய் அப்படியே குடுக்க வேண்டியதுதானே?” என்றாள் என் மனைவி.

“நீ சும்மா இரு அக்கா. படம் இருட்டா இருக்கு. இதையே ஃபைனல் புராஜெக்ட்டா எடுத்து, பளிச்சுன்னு பண்ணிக் குடுத்தா ஒரே அடிதான்.”

அந்த அம்மாளிடமும் போய், “ரெண்டு வாரம் பொறுங்கக்கா” என்று சொல்லிவிட்டு வந்தான். வீடு பற்றி எரியும்போது வாளிக்கு வர்ணம் பூச உட்கார்ந்தவனை நான் அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன்.

கேமரா பெட்டி இருபது நாள் பதிவைத்தான் வைத்திருக்கும். பிறகு அதன்மேலேயே புதியது ஏறிவிடும். இவன் எடுத்துவந்தது ஒரே ஒரு நகல். அந்த நகலின் மேலேயே தினமும் வேலை செய்து, அதன் மேலேயே சேமித்தும் வந்தான். பையனின் முகத்தை வெளுப்பாக்கினான். சிவப்பு வட்டம் போட்டான். பெட்டியை எடுக்கும் கை மூன்று முறை மெதுவாக வந்துபோகும். பின்னால் இடி இடிக்கும் இசை. தொடக்கத்தில் ‘சி.ஐ.டி. வழங்கும்’ என்று எழுத்து. முடிவில் நன்றிப் பட்டியல். அதில் என்னையும் சேர்த்திருந்தான்.

கல்லூரி அதற்கு முதல் பரிசு கொடுத்தது.

அந்த அம்மாள் கொடுத்த புகாரின் பேரில் நவம்பர் 22 அன்று தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி படத்தை முழுவதும் பார்த்தார்.

“என்னங்க இது, விளம்பரமா?”

“சாட்சியம் சார்.”

“மியூசிக் யார் போட்டது?”

“நான்தான் சார்.”

“இந்தப் பையன் மூஞ்சி மட்டும் இப்படி மின்னுதே?”

“அதுவும் நான்தான் சார்.”

“ஒரிஜினல் எங்க?”

“அதுமேலயேதான் சார் இதைப் பண்ணினேன்.” கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “மூஞ்சியை இவரே வரைஞ்சிருக்காரு சார்! விட்டா நாளைக்கு உங்களையும் திருடனா வரைவாரு.”

வேறு ஆதாரம் இருந்தால் டிசம்பர் 6 அன்று கொண்டுவாருங்கள் என்று அதிகாரி எழுந்துவிட்டார். அந்த விசாரணை முடிந்த ஆறாம் நாள் இவன் பரிசுச் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு வந்தான். பட்டியலின் கடைசி வரி அதுதான். எங்கே மாட்டலாம் என்று என்னிடமே கேட்டான். நான் சொன்ன இடத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு. அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“தம்பி, அன்னைக்கு அந்தப் பையன் பின்வாசல் வழியாப் போனப்ப நீங்க கூப்பிட்டு நிறுத்தினீங்க. நான் குப்பை வண்டியோட பின்னாலயே நின்னேன். எதையோ எழுதி, அவன்கிட்ட நீட்டினீங்களே, அது என்னது?”

“அதுவா? அது வெறும் கேட் ரிஜிஸ்டர்க்கா. ஒரு நாளைக்கு நூறு பேரு கையெழுத்துப் போடுவாங்க. அதுல என்ன இருக்கப் போகுது?”

“எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க. எடுத்துப் பாருங்களேன்.”

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். ஐம்பத்து நான்கு நாட்களாக இந்தக் கதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓடியிருக்கிறது. பதிவேடுகளுக்கு நடுவிலேயே தலை நரைத்தவன் நான். இவனைக் கிண்டல் செய்வதிலேயே இருந்து, பின்வாசலில் ஒரு பதிவேடு இருப்பதை ஒரு முறைகூட நினைக்கவில்லை. விட்டுவிட்டால் குறிப்பு முழுமையாகாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் புரட்டினான். பக்கம் 212, ஒன்பதாம் வரி, அவனுடைய கோழிக் கிறுக்கலில்: “அக்டோபர் 11, பகல் 2.20. கடை 14 முதலாளி மகன். சிவப்புப் பெட்டி 1, போன். பில் இல்லை. கேட்டதற்கு எங்க கடைச் சாமான்தானே என்றார். விட்டேன்.” பக்கத்தில் பையனின் கையெழுத்து, சுழித்து, கீழே இரண்டு கோடு போட்டு. தன் கையால் எழுதிய வரி; அதைக் குற்றவியல் படித்தவன் மறந்தே போயிருந்தான். அட்டை கிழிந்த பதிவேடு அவன் கண்ணில் சாட்சியமாகவே படவில்லை.

வளாக மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னேன், வாங்கினான். டிசம்பர் 6 காலை பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றான்.

“அத்தான், அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி, கொஞ்சம் பளிச்சுன்னு...”

“அதுல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்.”

முழுப் பதிவேட்டையும் கிழிந்த அட்டையோடு அப்படியே கொடுத்தோம். அதிகாரி வரியைப் படித்தார். மகனை வரவழைத்து வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். அதே சுழி, அதே இரண்டு கோடு. முதலாளி இந்த முறை சிரிக்கவில்லை.

உத்தரவு அந்த அம்மாளுக்குப் போயிற்று. சாட்சி என்பதால் இவனுக்கும் ஒரு நகல் வந்தது. அவளை மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும். அக்டோபர் 12 முதல் சம்பளம் தர வேண்டும். அறையை அவள் காலி செய்ய வேண்டியதில்லை. ஆதாரம், பின்வாசல் பதிவேடு, பக்கம் 212.

இவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “வீடியோவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே அத்தான்.”

“நல்லாப் பாருடா, இருக்கு. இணைப்பு மூணு, நிராகரிக்கப்பட்டது.”

கடிதம் வந்து சேர்ந்தது: 2022 டிசம்பர் 19, திங்கள், காலை 11.40.