வலை கிழியும் இடம்

காலடிப்பேட்டைச் சந்தில், ஞாயிற்றுக்கிழமை காலை இருபது பேர் ஒரு பழைய மாடி வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறைந்த எழுத்தாளர் ஜெயவேலின் குடும்ப வீடுகளைச் சுற்றிக் காட்டும் நடை அது. மொத்தம் மூன்று வீடுகள். இது முதலாவது. சுவரில் புதிதாகப் பதித்த கல்லின்மேல் துணி தொங்கியது.

"அவர் பிறந்த வீடு இதுதான்" என்றார் வழிகாட்டியாக வந்த கல்லூரி வாத்தியார் விமல்.

"யாரு சொன்னா?"

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டவள் கோவிந்தம்மா. அறுபத்திரண்டு வயது. நாற்பது வருஷமாக இதே வாசலில் வஞ்சிரம் வெட்டிக் கொடுக்கிறாள். வீட்டுக்காரர்கள் அவளை மீன்காரம்மா என்பார்களே தவிர, சொந்தம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த இந்த வீட்டுப் பிள்ளையை விரும்பிக் கட்டிக்கொண்டவள் கோவிந்தம்மாவின் அத்தை, மீனவர் குப்பத்துப் பெண். அவளுடைய தலைச்சன்தான் ஜெயவேல். நடைக்காக அச்சடித்த தாளில் அப்பா பெயர், தாத்தா பெயர், வீடு கட்டிய மேஸ்திரி பெயர்கூட இருந்தது. அத்தை பெயர் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டிய நாளிலிருந்து கோவிந்தம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"பிறப்புச் சான்றிதழ்ல இந்த விலாசம்தான்மா இருக்கு."

"தலப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய் வூட்டுக்குப் போவுமா, மாமியா வூட்லயே பெத்துக்குமா? உங்கம்மா உன்னிய எங்க பெத்தாங்க?"

விமல் தயங்கினார். "மதுரையில. அம்மாச்சி வீட்ல."

கூட்டத்தில் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஆங்! எங்க அத்த மட்டும் இன்னா அதிசயமா? பதியறப்ப அப்பங்காரன் தன் விலாசத்த குட்த்துட்டான். நீ அதையே கல்லுல வெட்டிக்கினு வந்துட்ட."

மாடியிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னிக்கு மீன் வேணாம், போம்மா."

"மீன் விக்க வர்ல சார். நாயம் கேக்க வந்துகீறேன்."

"சரி, உங்க அத்தையோட தாய் வீடு எங்க இருக்கு?" என்றார் விமல்.

"கடல்ல கீது."

"இல்லாத வீட்டை எப்படிம்மா காட்டறது?"

"இல்லன்னு நீ எப்டி சொல்ற? வா, நான் காட்டறேன். காலு நோவுதுன்னா ஆட்டோ புட்ச்சிக்க."

அவள் நடந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் பின்னால் போனார்கள். நெடுஞ்சாலையைத் தாண்டி, அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய பாறைகள்மேல் ஏறி நின்றார்கள். கீழே தம்பி மனோகரன் ஃபைபர் படகோடு காத்திருந்தான். விடியற்காலையே சொல்லி வைத்திருந்தாள்.

"போடா, அத்த வூட்டுக்கு!"

மற்றவர்கள் பாறைமேலேயே நிற்க, படகு கிளம்பியது. மனோகரன் கடலைப் பார்க்கவில்லை. கரையையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா பாக்கறான் தெரிதா?" என்றாள் கோவிந்தம்மா. "கோயில் கோபுரம் தண்ணி டாங்க்க மறைக்கணும். அந்தாண்ட மாதா கோயில் சிலுவ, பொகபோக்கியோட சேரணும். ரெண்டும் ஒண்ணா அமையற எடம்தான் வூடு. அலை வூட்ட இட்ச்சிக்கினு போன மறுநாளே எங்க நைனா கட்டுமரத்துல போயி குறிச்சிக்கினு வந்தாரு. கிணத்து உறை, கடக்கால் கல்லு எல்லாம் அடியில கீது. வலை போட்டா கிழியும். அத்த வூட்டாண்ட எங்காளுங்க யாரும் வலை போட மாட்டாங்க."

மனோகரன் படகை நிறுத்தி ஒரு வலையை இறக்கினான். இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தான். பாதி வலை நார்நாராக மேலே வந்தது.

"அக்கா, வலை போச்சு!"

"போவட்டும்!"

விமல் நடையை ஏற்பாடு செய்தவர்களுக்குப் போன் போட்டார். கல்லை இன்று திறக்கப்போவதில்லை, வாசகம் தப்பு என்று சொன்னார். மறுமுனை கத்தியது இவர்களுக்கே கேட்டது. "நான் பார்த்துட்டேன் சார்" என்று வைத்துவிட்டு, நடைத்தாளையும் பேனாவையும் எடுத்தார்.

"உங்க அத்தை பேரு?"

"குப்பம்மா. அப்பன் பேருக்கு மேல எழுது. கீழ வாணாம்."