அம்மா சாப்பிடாமல் போன வெள்ளிக்கிழமை

காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே கால். மூடி வைத்துவிட்டுப் போன நான்கு இட்லியும் அப்படியே இருந்தன. குப்பைக்கூடையில் இன்சுலின் ஊசியின் மூடி கிடந்தது. அம்மாவைக் காணோம். போனில் கூப்பிட்டால் அது அவள் தலையணைக்கு அடியிலேயே அடித்தது.

எனக்கு ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அன்று ஆடி முதல் வெள்ளி. ஒக்கலிபுரத்தில் எங்கள் பழைய தெருவிலிருந்த அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போ என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த எலுமிச்சம்பழங்களையும் காணவில்லை. எட்டு மணிக்கு ஊசி போடாவிட்டால் நான் கத்துவேன் என்று ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆடி வெள்ளியில் அம்மன் முகம் பார்க்காமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறாள். மகளிடமும் பயம், சாமியிடமும் பயம். இரண்டு பேரையும் சமாதானப்படுத்தப் போய்த் தன் உயிரோடு விளையாடுகிறாள் பாருங்கள். போன வருடம் இப்படிச் சர்க்கரை இறங்கி, சமையலறையில் கண் சொருகி விழுந்தவளை நான்தான் தூக்கினேன். அன்று நான் வீட்டில் இருந்தேன்.

இரண்டு மாம்பழ ஜூஸ் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். நாங்கள் இருக்கும் ஹெப்பகோடிக்கு இப்போது மெட்ரோ வந்துவிட்டது. அம்மாவுக்கு அதில் ஏறத் தெரியாது. பஸ்ஸில்தான் போயிருப்பாள், எங்காவது சிக்னலில் மாட்டிக்கொண்டிருப்பாள், முந்திவிடலாம் என்று நினைத்தேன். ரயில் வருவேனா என்றது. பிளாட்பாரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி என்னையே திட்டிக்கொண்டேன்.

நான் இழுத்தடித்ததற்கு வேலை மட்டும் காரணமில்லை. அந்தக் கோயில் பழைய இடத்தில் இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது அம்மனை எடுத்துப் பின்தெருவில் ஒரு சின்ன அறையில் வைத்துவிட்டார்கள். இதை எனக்குப் போனில் சொன்னவர் அங்கே எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த பெரியம்மா. அம்மாவும் அவரும் ஒரே பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருபது வருடம் ஊதுவத்தி உருட்டியவர்கள். அந்தப் பெரியம்மாவும் எட்டு மாதத்துக்கு முன்னால் இறந்துபோய்விட்டார். அவர் மகன் என் நம்பருக்குத்தான் கூப்பிட்டுச் சொன்னார். அப்போது அம்மாவுக்கு பிரஷர் ஏறியிருந்தது. நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயத்தில் இன்னும் தள்ளிப்போட்டேன். 'அவ எப்டி இருக்காளாம்?' என்று அம்மா கேட்கும்போதெல்லாம், 'நல்லா இருக்காங்களாம்' என்று வாய் கூசாமல் சொன்னேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

மெஜஸ்டிக்கில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். "அல்லி ஒன் வே மேடம், சுத்தாக்கொண்டு ஹோக்பேகு" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அந்த ஓட்டுநர் என்னை எங்கெங்கோ சுற்றிக் கொண்டுபோய், நான் பார்த்தே இராத ஒரு பாலத்தடியில் இறக்கிவிட்டார். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் எனக்கு வழி தெரியவில்லை. முன்பெல்லாம் ரயில் பாலத்தைத் தாண்டி ஒரு திருப்பம் திரும்பினால் போதும், ஊதுவத்தி மாவின் வாசனையே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இப்போது இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர், நடுவில் நிற்காமல் ஓடும் வண்டிகள். சாலையைக் கடக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

ஓட்டு வீடுகள் இருந்த வரிசையில் மூன்று மாடிக் கட்டடங்கள். பால்கனிகளில் ஹாஸ்டல் பையன்களின் ஜீன்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீடு இருந்த இடத்தில் பைக் சர்வீஸ் கடை. தண்ணீர்க் குழாயடி இருந்த சுவடே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நின்று நின்று பார்த்திருப்பேன், கொஞ்சம் அழுதும் இருப்பேன். அன்று ஒவ்வொரு மாற்றமும் அம்மாவின் காலை இடறிவிட வைத்த கல்லாகத்தான் தெரிந்தது. இங்கே திகைத்திருப்பாள், இங்கே தப்பான பக்கம் திரும்பியிருப்பாள், இந்த ரோட்டை எப்படித் தாண்டினாள் என்று எண்ணியபடியே விரைந்தேன்.

முறைப்படி பெரியம்மா வீட்டுக்குத்தான் முதலில் போயிருக்க வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. பின்தெருக் கோயிலுக்கு ஓடினேன். வாசலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூ விற்ற பெண்ணிடம் அடையாளம் சொன்னேன்.

"மஞ்சப் பொடவ ஆயாதானே? வந்துச்சுக்கா. வெளியவே நின்னுச்சு. உள்ள வாங்கன்னு கூப்டேன். தல நிமுந்துகூட பாக்கல. அப்டியே ரோட்டாண்ட திரும்பிப் போயிடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு தூரம் வந்து, வாசல் வரை போய், சாமியைப் பார்க்காமல் திரும்புவாளா ஒருத்தி! இடம் மாறிய அம்மன் இவளுக்கு ஆகாதோ? பிடிவாதம், பிடிவாதம் என்று பல்லைக் கடித்தபடி ரோட்டுக்கு ஓடினேன்.

பழைய கோயில் இருந்த இடத்தில் இப்போது பாலத்தின் தூண் நிற்கிறது. அதன் அடியில், நடைபாதைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முழுக்க வியர்வை. எலுமிச்சம்பழப் பையைப் பிடித்திருந்த கை நடுங்கியது. நான் கூப்பிட்டது அவள் காதில் விழவே நேரமாயிற்று. டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்தி வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேணாம்டி. இன்னும் சாமி பாக்கல."

"கோயில் வாசல் வரைக்கும் போனியாமே! ஏம்மா பாக்கல? அதே அம்மன்தானே?"

"சாவு கேட்டுட்டு எப்டிடி கோயிலுக்குள்ள போறது?" நாக்கு குழறியது. "கோயில் எங்கன்னு கேக்க அவ வீட்டுக்குத்தான் மொதல்ல போனேன். படத்துக்கு மால போட்டு வெச்சிருக்காங்க. மருமவ காப்பி குடுத்தா. நான் குடிக்கல."

உறவில் சாவு என்று காதில் விழுந்தால் தலை முழுகாமல் கோயிலுக்குள் போகமாட்டோம். "அவங்க நமக்குச் சொந்தமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"ஒரே பலகையில ஒக்காந்து கை கருத்தவங்கடி நாங்க. கூடப் பொறந்தாத்தான் அக்காவா?"

முழுகாமல் கோயில் இல்லை, கோயில் இல்லாமல் சாப்பாடு இல்லை. உள்ளே போன மருந்து மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அம்மாவின் கண்கள் செருக ஆரம்பித்தன. பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஓடி இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்கள் வாங்கி வந்தேன். நட்டநடு ரோட்டோரத்தில், எழுபது வயது அம்மாவின் தலையில் ஊற்றினேன். பைக்கில் போனவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். "ஏனாய்த்தும்மா?" என்று யாரோ கேட்டார்கள். நான் திரும்பவில்லை. இரண்டாவது பாட்டிலைக் கவிழ்த்தபோது அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. "அடி என் அக்கா" என்று பெருங்குரலெடுத்தாள். அந்த வாகனச் சத்தத்திலும் அது கேட்டது.

"முழுகியாச்சும்மா. அம்மன் இங்கதான் இருந்தா, இந்தத் தூண் இருக்கிற எடத்துல. இங்கயே கும்பிட்டுக்கோ. குடி."

ஈரக் கைகளைத் தூணைப் பார்த்துச் சேர்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முதல் டப்பா முடிந்து இரண்டாவது பாதியான பிறகுதான் கை நடுக்கம் நின்றது. பார்வை தெளிந்தது. என் துப்பட்டாவால் அவள் தலையைத் துவட்டினேன். உயிர் மீண்டது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், அவள் என் கையை மெல்ல விலக்கினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"உனக்கு அப்பவே போன் போட்டுச் சொன்னாங்களாமே. போன வாரங்கூடக் கேட்டேனே உன்ன. எட்டு மாசமா டிவி பாத்துக்கினு சிரிச்சிக்கினு கெடந்திருக்கேன். அவளுக்காக ஒரு நாளு அழக்கூட உடலியேடி நீ."