இறந்தவர் வரிசையில் ஒரு பெயர்

எங்கள் கூடாரங்களில் பர்த்துமின் வாய்க்கு எல்லோருக்கும் பயம். கிடைக்குள் நரி நுழைந்தால் நாயை ஏவ வேண்டாம், பர்த்துமைத் திட்டச் சொன்னால் போதும் என்பார்கள். அப்படிப்பட்டவள் இரண்டு குளிர்காலமாக அதிகம் பேசுவதில்லை. மாரி நகரத்து ராஜா படைக்கு ஆள் கேட்டபோது, அவளுடைய ஒரே மகன் யன்சிப் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்கே போனான். போனவன் போனவன்தான்.

நிலா மறையும் நாளில் நாங்கள் செத்தவர்களுக்கு ரொட்டி பிய்த்து வைப்போம். குழியில் தண்ணீர் ஊற்றி, தகப்பன் பெயரோடு சேர்த்து ஒவ்வொருவரையும் அழைப்போம். அழைக்கப்படாதவன் தாகத்தோடு அலைவான். உயிரோடு இருப்பவனை அழைத்துவிட்டாலோ, மண்ணுக்கடியில் அவனுக்கு இடம் போட்டாயிற்று, அவன் போய்ச் சேர வேண்டியதுதான். அழைக்கும்போது யாரும் மூச்சுவிடக் கூடாது. அந்த அமைதிதான் அவர்கள் குடித்ததற்கு அடையாளம்.

அதை ஒருமுறை கெடுத்தவனும் இதே யன்சிப்தான். அவனுக்குத் தாத்தாவின் பெயர். பேசப் பழகிய வயதில், தாத்தாவை அழைத்தபோது கூடாரத்துக்குள்ளிருந்து "இங்கதான் இருக்கேன்!" என்று கத்தினான். பெரியவர்கள் வெலவெலத்துப் போனார்கள். பதில் வந்துவிட்டால் அழைத்தது செல்லாது. பானையைக் கவிழ்த்துவிட்டு முதல் ஆளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். பர்த்தும் மட்டும் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

இந்த வசந்தத்தில் ஆட்டுக்குட்டிகள் செத்தன. பிறந்த குட்டி எழுந்து நிற்காமலே துவண்டது. தாகத்தோடு அலையும் எவனோ தாய் ஆட்டின் பாலை உறிஞ்சுகிறான் என்று பேச்சு கிளம்பியது. எவன் என்று யாரும் சொல்லவில்லை. பர்த்துமைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அவள் கணவன் ஹப்தி செத்த பிறகு குடும்பத்துக்குத் தலைவன் அவன் தம்பி சூமுஹாது. கெட்டவன் இல்லை, ஊர் வாய்க்குப் பயந்தவன்.

"அண்ணி, இன்னும் எத்தனை குட்டியத்தான் புதைக்கிறது? யன்சிப் பேரச் சொல்லிரலாம்."

"உன் பேரச் சொல்லட்டுமா தம்பி? நீயுந்தான் ரெண்டு நாளா கண்ணுல படல."

"விளையாடாதீங்க. அவன் தண்ணியில்லாம அலைஞ்சுக்கிட்டு இருந்தான்னா?"

இரவெல்லாம் பர்த்துமைத் தூங்கவிடாமல் அடித்ததும் அதே கேள்விதான்.

பிறகு கம்பளி வாங்க வந்த ஒருவன் அவளிடம் ஒரு துணிக் கரையைக் கொடுத்தான். "வடக்கேருந்து கைமாறி கைமாறி வந்துச்சு. ஹப்தி வீட்டுல கொடுக்கச் சொன்னாங்க. வேற ஒண்ணும் தெரியாதும்மா."

மகனுடைய அங்கியின் கரை. சிவப்பு இழை வைத்து அவளே நெய்தது. உயிரோடு இருப்பவன் தூரத்திலிருந்து சேதி அனுப்பினால் தலைமுடியும் கரையும் சேர்ந்துதான் வரும். கரை மட்டும் வந்தால் அது பிணத்திலிருந்து அறுத்தது. எங்களில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவார்கள். பர்த்துமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மாரில் அடித்துக்கொண்டு, தானே போய்க் கொழுந்தனிடம் சொன்னாள்.

"கூப்பிட்டுரு தம்பி. எம்புள்ளைக்குத் தாகம் எடுக்குது."

அந்த மாதம் அழைத்தார்கள். "ஹப்தி மகன் யன்சிப்!" ஒரு சத்தமும் இல்லை. அதன்பின் பிறந்த குட்டிகள் எழுந்து நின்றன.

கரையைப் பர்த்தும் மடியிலேயே வைத்திருந்தாள். ஒரு மத்தியானம் அதைத் தடவிக்கொண்டிருந்தவளின் விரல் நின்றது. இது அவள் போட்ட தையல் இல்லை. ஆண்பிள்ளை தோல்பை தைத்த மாதிரி கோணலாக ஓடியது. பல்லால் கடித்துப் பிரித்தாள். மடிப்புக்குள் ஒரு கொத்து முடி. பிறந்த நாளிலிருந்து அவள் எண்ணெய் தேய்த்த அதே சுருள் முடி. எவன் பிடியிலோ இருக்கிறான், எடுத்துப் போகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று உள்ளே வைத்துத் தைத்திருக்கிறான்.

"நானே கொன்னுட்டேனே!" என்று அவள் அலறியது ஆற்றங்கரை வரை கேட்டது.

முடியைக் கொண்டுபோய்ச் சூமுஹாதுவின் கையில் வைத்தாள். "உசுரோட இருக்கான். பேர எடுத்துரு."

"சொன்ன பேர எப்படி அண்ணி எடுக்கிறது? இது எப்ப வெட்டின முடியோ. இப்ப நிறுத்திட்டு மறுபடி குட்டி செத்துச்சுன்னா சனங்க என்னைய உரிச்சுருவாங்க."

"உன் ஆட்டுக்குட்டிக்கு எம்புள்ளையாடா விலை?"

அவன் முடியை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். கூடாரங்களுக்கெல்லாம் தலைவரான பெரியவரிடம் போய் அழுதாள் பர்த்தும். அங்கேயும் அதே பேச்சு.

அடுத்த முறை நிலா மறைந்த மாலை, ரொட்டி வைத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள். சூமுஹாது ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே வந்தான்.

"ஹப்தி மகன் யன்சிப்!"

"இங்கதான் இருக்கேன்!" என்றாள் பர்த்தும்.

சூமுஹாது பானையைக் கவிழ்த்தான். முதல் ஆளிலிருந்து மறுபடி அழைத்து வந்தான். மகன் பெயர் வந்ததும் அவள் மறுபடி கத்தினாள். வாயைப் பொத்த வந்த பெண்களின் கையைக் கடித்தாள். மூன்றாவது தடவை அழைத்தபோது அவள் குரல் கம்மிப் போயிருந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

சூமுஹாது அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, உங்களக் கும்பிடுறேன். செத்தவங்க அத்தனை பேரும் தாகத்தோட நிக்கிறாங்க. அண்ணனும் நிக்கிறாரே."

"நிக்கட்டும்," என்றாள் பர்த்தும். "அவரும் அவனுக்கு அப்பன்தானே."

தண்ணீர் தீர்ந்து போயிருந்தது. மொண்டு வர ஒருவன் ஆற்றுக்குப் போனான். பர்த்தும் முடியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, அவர்கள் மறுபடி அந்தப் பெயரைச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.